பத்துக்குக் கீழே ஸ்பிரிங் இல்லை

டேட்டன், ஒஹையோ
பிப்ரவரி 11, 1974

அப்பாவுக்கு,

இதை ஐவா அத்தைதான் உங்களுக்குப் படித்துச் சொல்வார்கள் என்று தெரியும். அத்தை, உங்களுக்கு என் வணக்கம். நீங்கள் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் ஆள் நிற்கும்போது சத்தமாகப் படிக்க வேண்டாம்.

விஷயம் துப்பாக்கி பற்றி மட்டும்தான். நீங்கள் பொருத்திக் கொடுத்த அந்த நாற்பத்தைந்து காலிபர் கைத்துப்பாக்கியை இன்னும் வைத்திருக்கிறேன். பதினான்கு பவுண்டு ஸ்பிரிங் கிடக்கிறது. இத்தனை வருடமும் சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வலப்பக்கம் பின்னால் இரண்டு எட்டு தள்ளி விழும். தொப்பியைக் கழற்றி வைத்தால் தொப்பிக்குள் விழும். கிறிஸ்துமஸிலிருந்து என் பூட்ஸ் மேல் விழுகிறது. இரண்டு தடவை வெளியே வராமல் கூடு வெளியேறும் வாயிலேயே செங்குத்தாக நின்றுவிட்டது. வெடிமருந்தின் அளவு மாற்றவில்லை. எண்ணெய் புதிது.

ஸ்பிரிங் கடினப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். பன்னிரண்டு பவுண்டில் ஒன்று அனுப்பினால் நல்லது. இங்கே கடையில் விற்பதை நான் நம்புவதில்லை.

மேவிஸும் டார்லாவும் நலம்.

டெல்மர்


கேனி ஃபோர்க், கென்டக்கி
பிப்ரவரி 20

டெல்மருக்கு, அப்பா சொல்லச் சொல்ல ஐவா எழுதுவது.

உன் அம்மாவைப் புதைத்த பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம், ஸ்பிரிங் கேட்டு. சரி. நீ அன்றைக்கு அடக்கத்துக்கு வராமல் ஏரிக்கரையில் நின்று இலக்கு அட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தாயே, அந்தத் துப்பாக்கிதானே இது? அதற்கு இப்போது உடம்பு சரியில்லையா? (இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஐவா எழுத மாட்டேன் என்கிறாள். "என் பேனாவுல அதெல்லாம் வராது ஆர்லிஸ், வேணும்னா நீயே எழுதிக்கோ" என்கிறாள். நான் எழுதத் தெரியாதவன் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.)

இப்போது வேலையைக் கேள். ஸ்பிரிங் வயதாக வயதாகக் கடினப்படாது. வயதானால் தளரும். தளர்ந்தால் காலிக்கூடு தூரப் போய் விழும், காலடியில் விழாது. உனக்கு நேர்மாறாக நடக்கிறது. ஆகவே ஸ்பிரிங் மேல் பழி போடாதே. மருந்து ஈரம் பட்டிருக்கும், டப்பாவை மாற்றிப் பார்.

இன்னொன்று, நீ மறந்திருப்பாய். அந்த ஸ்பிரிங்குக்கு வேலை இரண்டு. சுட்டதும் குழாய்க்கு மேலே ஓடுகிற மேலிரும்பு பின்னால் பாயும், அதைப் பிடித்து நிறுத்துவது ஒன்று. பிறகு அதை முன்னால் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றி, தோட்டா அறையின் கதவைச் சாத்துவது இன்னொன்று. கூடு வெளியே போனால் போதும் என்று இளக்கிக்கொண்டே போகிறவன் இரண்டாவது வேலையை மறந்துவிடுகிறான்.

ஆனாலும் பன்னிரண்டு ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். விரலில் அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தேன். சரியாகப் பன்னிரண்டு.

டார்லாவுக்கு இப்போது என்ன வயது? பதினேழா?

அப்பா


டேட்டன்
ஏப்ரல் 15

அப்பாவுக்கு,

ஸ்பிரிங் வந்தது. நன்றி. மருந்து டப்பாவையும் மாற்றினேன். மார்ச் முழுவதும் துப்பாக்கி பழையபடி ஓடியது. உங்கள் ஸ்பிரிங்தான் சரி செய்தது என்று கிளப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.

இப்போது மறுபடியும் அதே கதை. சனிக்கிழமை போட்டியில் வேகச் சுற்றில் மூன்று தடவை மாட்டிக்கொண்டது. கோளாறு என்று கையைத் தூக்கித் தூக்கி எனக்கே வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் நின்ற வார்டன் பீஸ்லி, "என்னப்பா டெல்மர், உன் துப்பாக்கி கோழி மாதிரி காலடியிலயே முட்டை போடுது, கூடை வைக்கட்டுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன வருடம் அவனை நான் முப்பது புள்ளியில் தோற்கடித்தேன்.

டார்லாவுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. இளையோர் பிரிவில் சுடுகிறாள். என்னைவிட அமைதியாக நிற்கிறாள். அவளையும் இந்த ஆகஸ்டில் கேம்ப் பெரிக்குக் கூட்டிப்போகிறேன். அப்பனும் மகளும் ஒரே வாரத்தில் தேசியப் போட்டியில் நிற்பது எங்கள் கிளப்பில் இதுவரை இல்லை. அதற்குள் இந்தத் துப்பாக்கி சரியாக வேண்டும். எனக்கு இந்த ஒன்று போதும்.

பத்து பவுண்டு அனுப்புங்கள்.

டெல்மர்


கேனி ஃபோர்க்
மே 10

டெல்மருக்கு,

பத்து அனுப்பவில்லை. பன்னிரண்டில் ஒரு மாதம் ஓடி, அதே தோட்டாவுக்கு இப்போது பத்து கேட்கிற துப்பாக்கியை நான் பார்த்ததில்லை. இரும்பு அப்படி மாதத்துக்கு மாதம் குணம் மாறாது.

ஒன்று செய். அதே தோட்டா, அதே ஸ்பிரிங். முதலில் வழக்கம்போல வலது கையில் ஐந்து சுடு. கூடு எங்கே விழுகிறது என்று குனிந்து பார். பிறகு இடது கையில் பிடித்து ஐந்து சுடு. அட்டையில் எங்கே பட்டால் உனக்கென்ன, மண்மேட்டில் பட்டால் போதும். கூடு விழும் இடத்தை மட்டும் பார். பார்த்து எழுது.

துப்பாக்கி ஓட வேண்டுமானால் அதைப் பிடித்திருக்கும் கை சுவர் மாதிரி நிற்க வேண்டும். கை சேர்ந்து பின்னால் போனால் மேலிரும்பு முழுத் தூரம் ஓடாது. இது உனக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்குப் பின்னால் நீ முதல் முதலாகச் சுட்டபோது உன் மணிக்கட்டில் நான் கரண்டிக் காம்பை வைத்துக் கட்டினேனே, அதற்காகத்தான்.

ஐவாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்து போனது. அவள் தேறி வரும்வரை எழுத ஆளில்லை, அதனால்தான் தாமதம்.

அப்பா


டேட்டன்
ஜூன் 3

அப்பாவுக்கு,

செய்து பார்த்தேன். வலது கையில் சுட்டால் கூடு காலடியில். ஐந்தில் ஒன்று மாட்டிக்கொண்டது. இடது கையில் ஐந்தும் இரண்டு எட்டு தள்ளி, தொப்பிக்குள் விழும் இடத்தில்.

ஆகத் துப்பாக்கியில் கோளாறு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். பிடி தளர்ந்திருக்கிறது. தொழிற்சாலையில் இந்தக் குளிர்காலம் முழுக்க அழுத்து இயந்திரத்தில் நின்றேன், கை களைத்திருக்கும். இப்போது ரப்பர் பந்து ஒன்றை வைத்துப் பிசைந்துகொண்டே இருக்கிறேன். மேவிஸ் கேலி செய்கிறாள்: "மாவு பிசையச் சொன்னா மட்டும் வரமாட்டீங்க." போன வாரம் காப்பிக் கோப்பையைத் தவறவிட்டு அவளுடைய நல்ல தரைவிரிப்பைக் கெடுத்தேன். காலையில் சட்டைக் கைப் பொத்தானை அவள்தான் மாட்டிவிடுகிறாள். "கல்யாண நாள் ஞாபகமா?" என்கிறாள்.

பிடி திரும்பி வரும். ஆனால் ஆகஸ்டுக்குள் வராது. அதுவரை ஓட்ட எனக்குப் பத்து வேண்டும். தயவுசெய்து அனுப்புங்கள். நான் உங்களிடம் தயவுசெய்து என்று எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

டெல்மர்


கேனி ஃபோர்க்
ஜூலை 19

டெல்மருக்கு,

உன் கடிதம் ஜூனிலேயே வந்துவிட்டது. ஐவா படித்தாள். மறுபடி படிக்கச் சொன்னேன். வாரத்துக்கு ஒரு தடவை வந்து, "என்ன ஆர்லிஸ், இன்னைக்காவது எழுதலாமா?" என்பாள். "நாளைக்கு" என்பேன்.

பத்து இதோடு இருக்கிறது. அந்தத் துப்பாக்கிக்கு அதற்குக் கீழே கிடையாது. அழுக்குப் படாமல் வைத்துக்கொள். மணல் ஒரு துளி விழுந்தாலும் கதவு சாத்தாது.

ஆனால் நான் கேட்பது வேறு. போட்டிக்குப் போகாதே. போவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் டாக்டரிடம் கையைக் காட்டு. தொழிற்சாலை டாக்டர் வேண்டாம். அவன் எண்ணெய் தடவி அனுப்புவான். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு.

உன் வலது கையை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்கும் இடம் குழி விழுந்திருக்கிறதா? தோலுக்குள்ளே புழு நெளிகிற மாதிரி தானாகத் துடிக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுது. ஸ்பிரிங் பற்றி எழுத வேண்டாம்.

அப்பா


டேட்டன்
ஆகஸ்ட் 29

அப்பாவுக்கு,

நான் சொல்ல மேவிஸ் எழுதுகிறாள். பேனா பிடித்தால் எழுத்து வழுக்குகிறது.

பெரிக்குப் போனேன். நீங்கள் சொல்லி நான் கேட்டதாக என்றைக்கு இருக்கிறது. ஏரிக் காற்று, மணல். உங்கள் பத்து பவுண்டு ஸ்பிரிங்கில் மேலிரும்பு பின்னால் வந்து சம்மட்டி மாதிரி அடித்தது, முன்னால் போகும்போது பாதிக் கதவில் நின்றது. கட்டைவிரலால் தள்ளிச் சாத்தினேன். இரண்டாம் நாள் வேகச் சுற்றில் முதல் தோட்டா சுட்டதும் துப்பாக்கி கையை விட்டு இறங்க ஆரம்பித்தது. விழவில்லை. நானாகவே மேசையில் வைத்தேன். நடுவர் வந்து, "கோளாறா சார்?" என்றார். "ஆமா" என்றேன். "துப்பாக்கியிலயா?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

டார்லா அடுத்த வரிசையில் நின்றிருந்தாள். பார்த்துவிட்டாள். அவளுடைய சுற்றை முடித்துவிட்டுத்தான் வந்தாள். நல்ல புள்ளி. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா, பீஸ்லி அங்கிள் கூடத்தான் கேவலமா சுட்டாரு" என்றாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: குழி விழுந்திருக்கிறது. துடிக்கிறது. பார்க்காமலே உங்களுக்கு எப்படித் தெரியும்?

எட்டு பவுண்டு வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கையால் சுற்றிக்கூடக் கொடுப்பீர்கள்.

டெல்மர்


கேனி ஃபோர்க்
செப்டம்பர் 8

டெல்மருக்கு,

எட்டு இல்லை. நான் சுற்றிக் கொடுத்தாலும் அது ஸ்பிரிங் ஆகாது. உன் கைக்கு அடங்கும், கதவைச் சாத்தாது. உன் கையால் தாங்க முடிகிற ஸ்பிரிங்கும் அந்தத் துப்பாக்கியை ஓட்டுகிற ஸ்பிரிங்கும் இனிமேல் ஒன்றாக இருக்கப்போவதில்லை. இதை நான் ஜூனிலேயே தெரிந்துகொண்டேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். மேவிஸ் பக்கத்தில் இருந்தால் அவளும் கேட்கட்டும்.

1963 வசந்தத்தில் உன் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஆர்லிஸ், இந்தத் துணி கிளிப்பை எல்லாம் எந்தப் பாவி செஞ்சான், பல்லால கடிச்சுத் திறக்கணும் போல இருக்கு" என்றாள். புதிதாக வாங்கியது, பழகிவிடும் என்றேன். பத்து நாள் கழித்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினாள். "ஊர்ல இருக்கிறவன் துப்பாக்கிக்கெல்லாம் ஸ்பிரிங் இளக்குறே, பொண்டாட்டிக்கு இதைப் பண்ண மாட்டியா?" எனக்கு அது பிடித்திருந்தது. உட்கார்ந்து ஒவ்வொரு கிளிப்பின் கம்பியையும் இடுக்கியால் பிரித்துப் பிரித்து இளக்கினேன். அடுத்த நாள் காற்றில் துணி முழுக்கச் சேற்றில் கிடந்தது. அவள் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பெரிய ஸ்பிரிங்கு மேஸ்திரி! உன் வேலை லட்சணத்தைப் பாரு!" நானும் சிரித்தேன். கிளிப்பில்தான் கோளாறு என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள். அறுவடைக்குள் அவளால் கரண்டி தூக்க முடியவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ தனியாக வந்தபோது அவள் வலது கையை ஏப்ரனுக்குள்ளேயே வைத்திருந்தாள். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நீ ஒரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாய். பிறகு நீ வரவில்லை. அந்தக் கடைசி வருடத்தை நீ பார்த்திருந்தால் உன் கையைப் பார்த்ததும் நீயே தெரிந்துகொண்டிருப்பாய். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுக்கு முன்னால் அவள் அப்பா ஹைரம். சுரங்கத்தில் மண்வெட்டி பிடிக்க முடியாமல் போனது. சோம்பேறி என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். அவள் அக்கா நெல்லுக்கும் கையில்தான் தொடங்கியது. மலையில் இதற்கு வாடல் என்று பெயர். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் திரும்பாது.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ஐவா அழுதுகொண்டே எழுதுகிறாள். "நிறுத்தட்டுமா?" என்று கேட்டேன். "எழுதி முடிச்சிடலாம், திரும்ப ஒரு தடவை என்னால கேக்க முடியாது" என்கிறாள்.

டாக்டரிடம் போ. நான் சொன்னது பொய்யாக இருக்கட்டும்.

அப்பா


டேட்டன்
அக்டோபர் 21

அப்பாவுக்கு,

இடது கையால் நானே எழுதுகிறேன். மேவிஸுக்குத் தெரியக்கூடாது. ஐவா அத்தைக்குப் புரிகிற அளவுக்காவது இருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். ஊசி வைத்த கம்பிகளைத் தசைக்குள் செருகிப் பார்த்தார்கள். நீங்கள் சொன்னதுதான். அவர்கள் அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் என்கிறார்கள், மூன்றும் ஆகலாமாம். இடது கையிலும் தொடங்கிவிட்டது என்று சின்ன டாக்டர் சொன்னார். மேவிஸ் அப்போது வெளியே இருந்தாள்.

உங்கள் கடிதம் வந்த அன்று உங்களைக் கொல்லலாம் போல இருந்தது. ஜூனிலேயே தெரிந்தவர் ஜூலையில் எதற்கு ஸ்பிரிங் அனுப்பினீர்கள்? பந்தைப் பிசைந்துகொண்டு எத்தனை மாதம் முட்டாளாக உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் கோபமும் போய்விட்டது. தெரியாமல் இருந்த அந்த ஏழு வாரங்கள்தான் எனக்கு மிச்சம் என்று இப்போது தோன்றுகிறது. பெரிக்குக் காரோட்டிப் போன அந்தக் காலை, டார்லா பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

நான் எழுத வந்தது இதுவல்ல.

டார்லாவின் துப்பாக்கியும் நாற்பத்தைந்துதான். பதினாறு பவுண்டு ஸ்பிரிங். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அவளுக்குத் தெரியாமல் அதைக் கழற்றிப் பதினெட்டு போட்டேன். ஓட்டினாள். அடுத்த வாரம் இருபது போட்டேன். "என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க இதை, கழுதை மாதிரி முரண்டு பிடிக்குது" என்றாள். ஆனால் மேலிரும்பைப் பின்னால் இழுத்துவிட்டாள். அன்று சாப்பாடு இறங்கியது. போன வியாழக்கிழமை இருபத்திரண்டு. முதல் தடவை அவளால் இழுக்க முடியவில்லை. கையை உதறிக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் தடவை இழுத்தாள். நான் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இருபத்திரண்டை ஆண்களே முக்கித்தான் இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் கை சின்னது. அதனால்தான் என்று எழுதுங்கள். உங்களுக்கு இது தெரியும். நீங்கள் எழுதினால் நம்புவேன். நீங்கள் சொல்லும் எடையைப் போடுகிறேன். எந்த எடையை அவள் இழுத்தால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்? அதை மட்டும் சொல்லுங்கள்.

டெல்மர்


கேனி ஃபோர்க்
அக்டோபர் 28

டெல்மருக்கு,

உன் எழுத்தை ஐவா கண்ணாடி வைத்துப் படித்தாள். எல்லாம் புரிந்தது.

அவள் துப்பாக்கியிலிருந்து அந்த ஸ்பிரிங்கை இன்றைக்கே கழற்று. பதினாறைப் போடு. இனிமேல் அதைத் தொடாதே.

நீ கேட்கிற எடை கிடையாது. உன் அம்மாவுக்குப் பதினேழு வயதில் நான் அவளைக் கல்யாணம் பண்ணினேன். ஒரு கையால் கன்றுக்குட்டியின் கழுத்தைப் பிடித்து நிறுத்துவாள். சண்டையில் என்னைப் பிடித்துத் தள்ளினால் கதவில் போய் மோதுவேன். உனக்கு நான் துப்பாக்கி பொருத்திக் கொடுத்தபோது இருபது பவுண்டை நீ கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திக் காட்டினாய், "இவ்வளவுதானாப்பா?" என்றாய். டார்லா இருபத்திரண்டை இழுத்தால் இன்றைக்கு இழுத்தாள் என்று அர்த்தம். இழுக்காவிட்டால் அவள் பெண்பிள்ளை, அது இருபத்திரண்டு, அவ்வளவுதான். அவளுக்கு ஒன்றுமில்லை என்று என் வாயால் சொல்லச் சொல்கிறாய். சொன்னால் நீ நம்புவாய். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

ஜூலையில் ஏன் ஸ்பிரிங் அனுப்பினேன் என்று கேட்டாய். நீ கேட்டாய், அனுப்பினேன். வேறு எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். ஐவா சீட்டு எழுதிச் சட்டையில் குத்தி அனுப்புகிறாளாம், பிள்ளையை அனுப்புகிற மாதிரி. ஹசர்டில் வண்டி மாற வேண்டும், கேட்டு ஏறிக்கொள்வேன். உன் வீட்டில் எங்கே படுக்கச் சொன்னாலும் படுப்பேன். உன்னைத் தூக்க, திருப்ப, ஊட்ட எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குச் செய்திருக்கிறேன். மேவிஸுக்குத் தெரியாது, பழக்கிவிடுகிறேன். எத்தனை காலம் என்னால் முடியும் என்று தெரியாது. எனக்கும் எழுபத்திரண்டு.

நீ காரோட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வராதே. டார்லா வரட்டும். ஐந்து வயதில் பார்த்தது. அடையாளம் தெரியாது, அவளே வந்து கூப்பிடட்டும்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவை. எனக்குக் கைகொடுக்க வேண்டாம். தாத்தாவுக்குக் கையில் புண் என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். அவள் விரல் என் கைக்குள் வந்தால் அது எவ்வளவு அழுத்துகிறது என்று என் கை பார்த்துவிடும். நான் வேண்டாம் என்றாலும் பார்க்கும்.

அப்பா